சிரித்த இடத்தைக் குறித்து வையுங்கள்: டார்க் காமெடிப் படத்தில் யார் சொல்வதை நம்புவது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலையைச் சரிபார்ப்பதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் பகலோடு முடிந்துவிடும், பொழுது சாய்ந்தால் ராமேஸ்வரத்தை ஒட்டிய மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் நாங்கள் சிலர் யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் படம் போட்டுப் பார்ப்போம். சண்டைப் படம், பேய்ப் படம் என்றால் முடிந்ததும் எழுந்து போய்விடுவார்கள். டார்க் காமெடி போட்ட அன்றுதான் வாசல்படி வரைக்கும் வாக்குவாதம் நடக்கும். "கடைசியில என்னதான்யா நடந்துச்சு? அவன் சொன்னது நெசமா, புளுகா?" என்று ஒருவர் கேட்பார், "டைரக்டருக்கே தெரியாது, விடுங்கண்ணே" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். அப்படி முடித்துவைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நல்ல டார்க் காமெடியில் குழப்பம் என்பது யோசித்து வைக்கப்பட்ட ஒன்று, அதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இந்த வகைப் படங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த வழியை எழுதுகிறேன்.

டார்க் காமெடி என்றால் சாவு, கடத்தல், துரோகம், பசி மாதிரி சிரிக்கவே கூடாத விஷயங்களை வைத்து நம்மைச் சிரிக்க வைக்கிற படம். இது போதும், மேற்கொண்டு இலக்கணம் தேவையில்லை.

முதல் தடவை: நிறுத்தாமல் பாருங்கள், சிரித்த இடத்தை மட்டும் குறியுங்கள்

ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். செல்போனில் குறிக்கலாம், ஆனால் செல்போனை எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வரும், அதனால் நோட்டுதான் நல்லது. படத்தை நிறுத்தாதீர்கள், பின்னால் ஓட்டாதீர்கள், புரியாத இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். எங்கே வாய்விட்டுச் சிரித்தீர்களோ அந்த நேரத்தையும் யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

ஏன் சிரிப்பு? நம்மைச் சிரிக்க வைக்கிற ஆளை நாம் சோதிப்பதில்லை, அதனால்தான். திருவிழாவில் விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பபூன் முதலில் மேடைக்கு வந்து நாலு சிரிப்புச் சிரிக்க வைத்துக் கூட்டத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்வார், அதற்கப்புறம் அவர் என்ன அளந்துவிட்டாலும் நாம் அவர் கட்சிதான். டார்க் காமெடியில் பொய் சொல்கிற கதாபாத்திரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போது "இவன் ஏன் இதை இப்போது சொல்கிறான்?" என்ற கேள்வி நமக்கு வருவதே இல்லை. படத்தின் முக்கியமான பொய்கள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் ஒளிந்திருக்கும் என்பது என் அனுபவம். அதனால் உங்கள் சிரிப்புப் பட்டியல்தான் இரண்டாவது தடவை எங்கே தோண்ட வேண்டும் என்பதற்கான வரைபடம்.

இதற்கு நல்ல உதாரணம் 2024-இல் வந்த மகாராஜா. நித்திலன் சாமிநாதன் இயக்கம், விஜய் சேதுபதி சலூன் கடைக்காரராக வருவார். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து என்னை அடித்துப்போட்டு லட்சுமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று புகார் கொடுப்பார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், நாமும் கூடவே சிரிக்கிறோம். ஒரு குப்பைத் தொட்டிக்காகப் பணத்தைக் கொட்டத் தயாராக இருக்கிற அப்பாவி என்று முடிவுகட்டிவிட்டு வேறு எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். அவர் சொன்ன சம்பவம் பொய், சுமந்து வந்த வலி உண்மை என்பது கடைசியில் தெரிகிறபோது, நாம் சிரித்த ஒவ்வொரு இடமும் திரும்பி வந்து தொண்டையில் நிற்கும். அந்தப் படத்தின் ரகசியத்தைக் காப்பாற்றியதில் நம்முடைய சிரிப்புக்கும் பங்கு உண்டு.

யார் சொல்கிறார், யாரிடம், சொன்னால் என்ன கிடைக்கும்

இரண்டாவது தடவை பார்க்கும்போது இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சினிமாக் கதையை வைத்து விளக்கினால் படம் பார்க்காதவர்களுக்குக் கெட்டுப்போகும், அதனால் நம் கரையிலேயே நடக்கிற மாதிரி ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஆடி மாசம். அண்ணனும் தம்பியும் வத்தை (சின்ன நாட்டுப்படகு) எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள், தம்பி மட்டும் விடிகாலையில் நடந்து வருகிறான். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "சார், வடகடல்ல பனை உசரத்துக்கு அலை, வத்தை கவுந்திருச்சு, ராவெல்லாம் நீந்தி வந்தேன்" என்கிறான். வட்டிக்காரர் வந்ததும், "ஒங்களுக்குக் குடுக்க வச்சிருந்த பணம் அண்ணன் மடியிலதான் இருந்துச்சு" என்கிறான். அண்ணன் பெண்டாட்டியிடம், "கடைசியா ஒங்க பேரைத்தான் மதினி சொன்னாரு" என்கிறான். வட்டிக்காரர் சோகத்தில் பீடி எடுத்து வாயில் வைக்க, தம்பி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரே உரசலில் பற்றவைத்துக் கொடுக்கிறான். தியேட்டரே சிரிக்கும். ராவெல்லாம் நீந்தி வந்தவன் பையில் நனையாத தீப்பெட்டி.

இப்போது மூன்று கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். போலீஸ்காரரிடம் சொன்னது வழக்கு வராமல் இருக்க. வட்டிக்காரரிடம் சொன்னது கடனிலிருந்து தப்பிக்க. மதினியிடம் சொன்னதால் அவனுக்கு என்ன லாபம்? உடனே தெரியவில்லை, இல்லையா? லாபம் தெரியாத பேச்சுத்தான் உன்னிப்பாகக் கேட்க வேண்டிய பேச்சு. அது உண்மையாக இருக்கலாம், அல்லது மற்ற இரண்டையும் விடப் பெரிய பொய்யாக இருக்கலாம்.

ஆளுக்கு ஒரு கதை சொல்கிற படங்களுக்குப் பழகவேண்டும் என்றால் கமல்ஹாசன் இயக்கிய விருமாண்டி (2004) நல்ல பயிற்சி. அது டார்க் காமெடி இல்லை. ஆனால் சிறைக்குள் பேட்டி எடுக்க வந்த பெண்ணிடம் கொத்தாளத் தேவர் ஒரு விதமாகவும் விருமாண்டி வேறு விதமாகவும் அதே சம்பவங்களைச் சொல்வார்கள், நாம் இரண்டையும் கண்ணால் பார்ப்போம். இரண்டிலும் வருகிற ஒரே காட்சியை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், யார் முதலில் கை ஓங்கினார், யார் குரல் தணிந்தது என்று மட்டும் கவனித்தால் போதும், சொல்கிறவர் தன்னை எப்படி வரைந்துகொள்கிறார் என்பது பிடிபட்டுவிடும்.

கேமரா காட்டினால் அது நடந்தது என்று அர்த்தமா?

இல்லை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். வாயால் சொன்னதைச் சந்தேகிப்பவர்கள்கூடக் கண்ணால் பார்த்ததை அப்படியே நம்பிவிடுகிறார்கள். 2013-இல் வந்த நலன் குமரசாமியின் சூது கவ்வும் படத்தில் ஆள் கடத்துகிற தாஸுக்கு ஷாலு என்று ஒரு காதலி. அவள் தாஸின் மனசுக்குள் மட்டும் இருப்பவள், கூட இருக்கிற மூன்று பையன்களுக்குத் தெரியமாட்டாள், ஆனால் கேமரா அவளை நமக்குக் கை கால் முகத்தோடு முழுசாகக் காட்டுகிறது. அதாவது கேமரா சில நேரம் தாஸின் கண்ணாக மாறிவிடுகிறது. அந்தப் படம் இதை ஒளிக்கவில்லை, நம்மிடம் சொல்லிவிட்டே செய்கிறது, அதனால்தான் தொடங்குகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். சொல்லாமலே இதைச் செய்கிற படங்களும் உண்டு. அங்கே நீங்கள்தான் கேட்க வேண்டும்: இந்தக் காட்சியில் வேறு யாராவது அந்த ஆளைத் தொட்டார்களா, பதில் பேசினார்களா, அவருக்காக வழி விட்டார்களா?

கற்பனைப் படத்துக்கே வருவோம். வத்தை கவிழ்கிற காட்சியைப் படம் காட்டுகிறது என்று வையுங்கள். இடி, மழை, பெரிய அலை, அண்ணன் கை நீட்டுகிறான். அந்தக் காட்சி எப்போது வருகிறது? தம்பி போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் குரல் பின்னணியில் ஓட, நடுவில் வந்தால் அது அவன் சொல்கிற கதையின் படம், நடந்ததின் படம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யாருமே சொல்லாமல், தனியாக, படத்தின் தொடக்கத்தில் வந்திருந்தால் அதற்கு எடை கூடுதல்.

உங்கள் ஊர் அறிவைக் கழற்றி வைக்காதீர்கள்

படம் பார்க்க உட்காரும்போது நிறையப் பேர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வருகிறார்கள், சினிமா வேறு உலகம் என்று. வேண்டாம். மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது பாம்பனுக்கு வடக்கே இருக்கிற வடகடல் கொந்தளிக்கும், தெற்கே இருக்கிற தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடியில் அது தலைகீழ். இது நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அப்படியென்றால் ஆடி மாசத்தில் வடகடலில் பனை உயரத்துக்கு அலை என்று தம்பி சொல்லும்போதே பாம்பனில் பிறந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பொய் பிடிபட அரை மணி நேரம் ஆகும், உங்களுக்கு அரை நொடி.

ஆனால் அவசரப்படக் கூடாது. அது கதாபாத்திரத்தின் பொய்யா, படம் எடுத்தவருக்கு நம் கடல் தெரியாததால் வந்த பிழையா? இதைப் பிரிக்க நான் வைத்திருக்கிற வழி: படம் அந்த விஷயத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. யாரோ ஒரு கிழவர் பின்னால் நின்று முகத்தைச் சுளிக்கலாம், போலீஸ்காரர் "எந்தக் கடல்?" என்று இன்னொரு தடவை கேட்கலாம், அடுத்த காட்சியில் வடகடல் தெப்பக்குளமாகக் கிடப்பதைக் காட்டலாம். ஒரு தடவை வந்து போனால் பிழையாக இருக்கலாம், இரண்டாவது தடவை தொட்டால் வேண்டுமென்றே வைத்தது.

தீப்பெட்டியையும் இதே மாதிரி எடைபோட வேண்டும். கூட்டத்தில் ஒரு தொழிலாளி இருந்தால் உடனே சொல்வார், "ஏன் தம்பி, தீப்பெட்டியப் பாலிதீன் பையில சுத்தி வச்சிக்கிட்டுத்தானே கடலுக்குப் போறோம்?" சரிதானே. அப்போது நனையாத தீப்பெட்டி தனியாக எதையும் நிரூபிக்காது. படம் பாலிதீன் பையைக் காட்டியதா, காட்டாமல் சட்டைப் பையிலிருந்து வெறுமனே எடுத்ததா என்று திரும்பிப் பாருங்கள். எங்கள் வீட்டுத் திரையிடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இப்படிப்பட்ட குறுக்குக் கேள்விகள்தான், விமர்சனம் எழுதுகிறவர்களிடம் கிடைக்காத விஷயம் இதில் கிடைக்கும்.

பொய்யர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை

தெரிந்தே பொய் சொல்கிறவன் ஒரு ரகம். அவனுக்குக் காரணம் இருக்கும், காரணத்தைக் கண்டுபிடித்தால் பொய் கழன்று விழும். தெரியாமல் தப்பாகச் சொல்கிறவர் அடுத்த ரகம், குழந்தை, போதையில் இருப்பவர், பாதி மட்டும் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர். இவர்களிடம் கோபப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் பார்த்தது வரைக்கும் நம்பலாம், பார்த்ததற்கு அவர்கள் கொடுக்கிற விளக்கத்தை நம்பக் கூடாது. பெருமைக்காரர் இன்னொருவர், அவர் எண்களைக் கூட்டுவார், சம்பவத்தை மாற்றமாட்டார்.

தன்னிடமே பொய் சொல்லிக்கொள்கிறவர்தான் கடினம், டார்க் காமெடி அதிகமாகத் தேடிப் போவதும் அவரைத்தான். தான் நல்லவன், தன்னை இந்த உலகம்தான் இப்படி ஆக்கியது என்று மனசார நம்புகிற ஆள். அவர் கண்ணில் கள்ளம் தெரியாது, குரல் நடுங்காது, அழுதால் நிஜமாகவே அழுவார். சொல்லையும் முகத்தையும் பார்த்து அவரைப் பிடிக்க முடியாது. யாரும் பார்க்காதபோது அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். பார்வையாளர் இல்லாத இடத்தில் யாருக்கும் நடிக்க வேண்டிய தேவை இல்லை. அதனால் ஒரு கதாபாத்திரம் தனியாக இருக்கிற காட்சிகளை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நோட்டில் நட்சத்திரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலவரிசையைத் தனித்தாளில் எழுதுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படம் காட்டிய வரிசை வேறு, நடந்த வரிசை வேறாக இருந்தால், நடந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மகாராஜா படத்தில் பல வருடம் முந்தி நடந்ததும் இன்றைக்கு நடப்பதும் ஒரே காலம் போலத் தெரியும்படி அடுக்கப்பட்டிருக்கும். காலத்தைப் பற்றி அங்கே எந்தக் கதாபாத்திரமும் நம்மிடம் பொய் சொல்லவில்லை, படத்தின் அடுக்கு முறைதான் நம்மை ஏமாற்றுகிறது. நம்பத்தகாதவர் திரைக்குள் இருக்கிற ஆளாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, படத்தொகுப்பே அப்படி இருக்கலாம். உடை, தலைமுடி, குழந்தையின் வயது, சுவரில் தொங்குகிற காலண்டர், கையில் இருக்கிற போன், இவை வருடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முடிவு புரியவில்லை என்றால்

நம் கற்பனைப் படத்தின் முடிவு இப்படி வைத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி. மதினி தூக்குவாளியில் சோறும் மீன் குழம்பும் எடுத்துத் தம்பி கையில் கொடுத்து, "காரம் கொறைச்சிருக்கேன்னு சொல்லு" என்கிறாள். அண்ணனுக்கு வயிற்றுப்புண் என்பது படத்தின் தொடக்கத்திலேயே வந்த விஷயம். தம்பி தூக்குவாளியோடு இருட்டில் கருவேலங்காட்டுப் பக்கம் நடக்கிறான். படம் முடிந்தது.

இங்கே "எது சரி?" என்று கேட்பதற்கு முன் சாத்தியமான வாசிப்புகளை எழுதுங்கள். ஒன்று, அண்ணன் உயிரோடு ஒளிந்திருக்கிறான், கடனிலிருந்து தப்பவும் நிவாரணப் பணம் வாங்கவும் மூன்று பேரும் சேர்ந்து போட்ட நாடகம். இரண்டு, அண்ணன் செத்துவிட்டான், மதினியால் அதை ஏற்க முடியவில்லை, தம்பி அவள் மனசு நோகாமல் தினமும் வாளியை வாங்கிக்கொண்டு போகிறான். மூன்று, தம்பிதான் கொன்றவன், அண்ணன் ஒளிந்திருப்பதாக மதினியை நம்பவைத்து வாளியை வாங்கிப் போய்க் கொட்டிவிட்டு வருகிறான்.

அப்புறம் ஒவ்வொரு வாசிப்புக்கும் நேராக, அது எதையெல்லாம் விளக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று எழுதுங்கள். முதல் வாசிப்பு வடகடல் பொய்யையும் தீப்பெட்டியையும் வாளியையும் ஒரே வீச்சில் விளக்கிவிடும். ஆனால் படத்தின் நடுவில் தம்பி ஆளில்லாத கரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற காட்சி ஒன்று இருந்தால்? அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. நாடகம் போடுகிறவன் ஏன் அங்கே அழ வேண்டும்? அந்த ஒரு காட்சி முதல் வாசிப்பைப் பலவீனமாக்கி மற்ற இரண்டையும் தூக்கி நிறுத்துகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் நம்மை நிறுத்திவிட்டுப் படம் போய்விட்டது என்றால், இயக்குநர் அங்கேதான் நம்மை நிற்கச் சொல்கிறார். அன்பையும் குற்றத்தையும் ஒரே செயலுக்குள் வைத்துக் காட்டுவதுதான் அவர் வேலையாக இருந்திருக்கலாம், அதில் ஒன்றைப் பிய்த்து எடுத்தால் படம் சிறுத்துவிடும். மதினியிடம் சொன்ன "கடைசியா ஒங்க பேரைத்தான் சொன்னாரு" என்ற பேச்சையும் இப்போது திரும்பக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வாசிப்பிலும் அதற்கு வேறு வேறு சுமை.

இதனால் எந்த விளக்கமும் செல்லும் என்று ஆகிவிடாது. "எல்லாம் தம்பி கண்ட கனவு" என்று ஒருவர் சொல்லலாம், அதற்குப் படத்தில் ஆதாரம் எங்கே என்று கேளுங்கள், ஒரு காட்சியாவது காட்ட வேண்டும், இல்லையென்றால் அது வெறும் ஊகம். அதே மாதிரி, எழுதத் தெரியாமல் பாதியில் விட்ட முடிவையும் ஆழமானது என்று தலையில் தூக்கி வைக்கத் தேவையில்லை. இரண்டு வாசிப்புகளுக்கும் படம் முன்கூட்டியே விதை போட்டிருந்தால் அது வேண்டுமென்றே வைத்த இருபொருள். எதற்குமே விதை இல்லையென்றால் அது ஓட்டை, ஓட்டை என்றே சொல்லுங்கள்.

சேர்ந்து பேசும்போது

யூடியூபில் முடிவை விளக்குகிற வீடியோக்களை உங்கள் வாசிப்பை எழுதி முடித்த பிறகு பாருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். இயக்குநரின் பேட்டியையும் அப்படித்தான். அவர் சொல்வது மதிக்கத்தக்க சாட்சி, ஆனால் திரையில் இல்லாத ஒன்றை அவர் வாய்மொழியாகச் சேர்த்தால் அதைப் படத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை.

கூட்டத்தில் எல்லோரும் தன் தன் சிரிப்புப் பட்டியலை முதலில் வாசிக்கட்டும், விளக்கம் அப்புறம். ஒரே காட்சிக்கு ஆண்கள் சிரித்து, பெண்கள் சிரிக்காமல் இருந்திருப்பார்கள். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் வத்தை கவிழ்கிற காட்சியில் எழுந்து வெளியே போயிருப்பார். அந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் "இதுக்குப் போயி ஏன் சிரிக்கல, காமெடிதானே" என்று யாரையும் நெருக்காதீர்கள். சிரிக்காதவர் பல நேரம் மற்றவர்கள் சிரிப்பில் தவறவிட்டதைப் பார்த்திருப்பார், அவரை முதலில் பேசவிடுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு என் வரிசை: சூது கவ்வும் முதலில், பிறகு விருமாண்டி, மகாராஜா கடைசியில். விருமாண்டியிலும் மகாராஜாவிலும் வன்முறை கடுமையாக இருக்கும், மகாராஜாவில் பாலியல் கொடுமையும் வருகிறது, அதனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள், கூட உட்காருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு படத்துக்கு இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள், முதல் நாள் பார்ப்பதற்கு, மறுநாள் குறித்து வைத்த காட்சிகளை மட்டும் ஓட்டிப் பேசுவதற்கு.